வேலியோடு நிற்காத தண்ணீர்

(குடுபல்லியில் விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம்)



திராட்சைத் தோட்டம், ஒயின் ஆலை, சுற்றுச்சூழல் என்று மூன்றையும் முடிச்சுப் போட்டு ஒரு தலைப்பைக் கொடுத்து, குடுபல்லிக்கு வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். மாவும் தக்காளியும் மல்பெரியும் பால்மாடும் உள்ள மண்டலத்தில் ஒயினுக்கு என்ன வேலை என்று முன்வரிசைப் பெரியவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நியாயம்தான். அதுவும் ஆந்திரத்தில். 1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் கிளம்பி, சாராயக் கடையை மூடவைத்து, அந்த நெருப்பு மாநிலம் முழுக்கப் பரவிய வரலாறு உள்ள இடம் இது. குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. குடிப்பவர், குடிக்காதவர் இருவர் வீட்டுக்கும் ஒரே நிலத்தடியிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. பேச்சு அதைப் பற்றியது.

எல்லையைத் தாண்டி மேற்கே போனால் கோலார், சிக்கபள்ளாபூர், தொட்டபள்ளாபூர். 'பெங்களூர் நீலம்' என்கிற கறுப்புத் திராட்சையின் நாடு அது. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் கொத்தாக விற்கும், ஜூஸாகும், மலிவான இனிப்பு ஒயினாகவும் ஆகும். அதே வட்டாரத்தில், நந்தி மலை அடிவாரத்தில், 1988-ல் குரோவர் குடும்பம் பிரெஞ்சு ஒயின் ரகங்களை நட்டது. தென்னிந்தியாவில் தரமான ஒயின் என்கிற பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாலாறு பிறப்பதும் அதே நந்தி மலையில்தான். கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், நம் குப்பம் பகுதி வழியாக ஆந்திரத்தில் 33, பிறகு தமிழ்நாட்டில் 222. மேலே பந்தல் போடுகிறவர், நடுவில் போர் போடுகிறவர், கீழே வாணியம்பாடியில் ஆற்று மணலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர் எல்லாரும் ஒரே ஆற்றுப் படுகைக்காரர்கள். திராட்சை இன்று இங்கே பெரிய பயிர் இல்லை. ஆனால் பெங்களூருக்குப் பக்கத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, தோட்டப் பயிர் கிழக்கே நகரும். வந்த பிறகு யோசிப்பதைவிட வருவதற்கு முன் யோசிப்பது செலவு குறைவு.

சூழலைக் கெடுக்காமல் ஒயின் திராட்சை வளர்ப்பதற்கென்று உலகத்தில் என்ன திட்டங்கள் உள்ளன? நிறைய உள்ளன. நியூசிலாந்து 1995-ல் தொடங்கியது. இன்று அந்த நாட்டுத் திராட்சைப் பரப்பில் நூற்றில் 90-க்கும் மேல் அந்தத் திட்டத்துக்குள் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 1998-ல் தொடங்கி, 2010 அறுவடையிலிருந்து பாட்டில் கழுத்திலேயே முத்திரை ஒட்டுகிறது. சிலி 2011. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் மின்சாரம் போய்விடும். எனக்குப் பிடித்தது கலிபோர்னியாவின் லோடை. அது ஒரு விவசாயிகள் ஊர். 1991-ல் அங்கே திராட்சை விவசாயிகளே ஓட்டுப் போட்டு, தங்களுக்கு ஒரு ஆணையத்தை அமைத்துக்கொண்டார்கள். விற்பனையில் ஒரு சிறு பங்கை அதற்குக் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் ஒரு பயிற்சிப் புத்தகம் வந்தது. அதில் கேள்விகள். மண்ணைச் சோதித்தாயா, மருந்தடிக்கும் முன் பூச்சியை எண்ணினாயா, எவ்வளவு தண்ணீர் விட்டாய் என்று எழுதி வைத்தாயா? ஒவ்வொன்றுக்கும் விவசாயி தனக்குத்தானே ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். அதிகாரி வந்து போடுவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களோடு உட்கார்ந்து போட வேண்டும். தனியாக உட்கார்ந்தால் நாம் எல்லோருமே நாலுக்கு நாலு போட்டுக்கொள்வோம். பக்கத்தில் வாய்க்கால் பங்காளி உட்கார்ந்திருந்தால் கை கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கத்தின் மேல்தான் 2005-ல் சான்றிதழ் முறையைக் கட்டினார்கள். எந்தப் பூச்சிமருந்து எவ்வளவு கேடு என்று எடை போடும் கணக்கு அதில் உண்டு.

மருந்து என்றதும் மயில்துத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிரான்சின் போர்டோ பக்கம், வழியோரத் தோட்டங்களில் பழம் திருடுகிறவர்களைத் துரத்த, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடியில் நீலமாகப் பூசி வைப்பார்கள். மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார்: நீலம் பூசிய கொடியில் அடிச்சாம்பல் நோய் இல்லை. 1885-ல் எழுதினார். இன்றும் நம் ஊரில் தக்காளிக்கும் திராட்சைக்கும் போர்டோ கலவை அடிக்கிறோம். திருடனை விரட்டப் போய் நோயை விரட்டிய மருந்து. ஆனால் செம்பு மண்ணை விட்டுப் போவதில்லை. நூறு ஆண்டு அடித்த ஐரோப்பிய மண்ணில் அது அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடக்கிறது, மண்புழுவுக்கு ஆகாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டில் 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. இயற்கை விவசாயத் தோட்டத்துக்கும் அதே வரம்பு. 'இயற்கை' என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒரு பொருள் மண்ணுக்கு நல்லதாகிவிடாது என்பதைக் கொஞ்சம் கசப்போடு சொல்லிவைக்கிறேன்.

மாவுப்பூச்சிக்கு வேறு வழி உண்டு. கிரிப்டோலேமஸ் என்கிற சின்னப் பொறிவண்டு. பெங்களூரில் உள்ள மத்திய ஆய்வு நிலையங்கள் அதை வளர்த்து விட்டன. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் இறங்கி மேய்ந்துவிடும். ஆனால் அது இருக்கும்போது பக்கத்து வயல்காரர் கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது பொறிவண்டுதான். இங்கேயும் வேலி நம்மைக் காப்பாற்றுவதில்லை, பாருங்கள்.

நம் நாட்டுத் திராட்சைக்கு இன்னொரு ஆபத்தான மருந்து உண்டு. குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் தூங்கி எழும். நம் வெயிலில் அதற்குத் தூக்கமே இல்லை. அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு கவாத்து. அக்டோபர் கவாத்துக்குப் பிறகு எல்லாக் கண்ணும் ஒரே சமயத்தில் வெடிக்க வேண்டும் என்று ஹைட்ரஜன் சயனமைடைக் குச்சியில் தடவுகிறார்கள். தடவுவது கூலிக்கு வந்த கை, பல இடங்களில் உறையில்லாத கை. இந்த மருந்து உடம்பில் பட்டவர் அன்று மது குடித்தால் உடல் தாங்காது. சாராயத்தை முறிக்கும் நொதியை இது தடுத்துவிடும். ஒயின் திராட்சைக்கு வேலை செய்கிறவர் ஒரு வாய் குடிக்க முடியாது என்பதில் ஒரு விபரீத நியாயம் இருக்கிறது. ஐரோப்பா 2008-ல் இதை விலக்கிவிட்டது. நிலைத்த வேளாண்மை என்று பேசுகிறவர்கள் பொறிவண்டுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்தக் கைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

இனி, மருந்துப் பரிசோதனைப் பட்டியலைப் பற்றி. இந்தியத் திராட்சை ஏற்றுமதிக்கு 2006-ல் 'கிரேப்நெட்' என்ற கண்காணிப்பு முறையை வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபேடா கொண்டுவந்தது. எந்தத் தோட்டத்துப் பழம், எந்த மருந்து, எந்த ஆய்வகம் என்று பெட்டியிலிருந்து கொடி வரை தடம் பிடிக்கலாம். நல்ல ஏற்பாடு. 2010-ல் ஐரோப்பாவுக்குப் போன சரக்கு சிக்கியது. குளோர்மீக்வாட் குளோரைடு, விவசாயிகள் மொழியில் சி.சி.சி., கொடியின் ஓட்டத்தை அடக்கிக் காய்ப்பைக் கூட்டும் வளர்ச்சிக் கட்டுப்படுத்தி; அதன் எச்சம் அவர்கள் வரம்பைத் தாண்டி இருந்தது. நம் பரிசோதனைப் பட்டியலில் அது இல்லவே இல்லை. எத்தனையோ மருந்துகளைத் தேடினார்கள், தேடாத ஒன்று கப்பலேறிப் போனது. பணம் இழந்தது பெரும்பாலும் விவசாயி. அடுத்த பருவத்தில் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இதன் பட்டியலில் எது இல்லை? பெரும்பாலான ஒயின் திட்டங்களில் கரியமில வாயுக் கணக்கு இருக்கிறது, அது தேவையும்தான். ஒயினின் கரிமத் தடத்தில் பெரிய பங்கு தோட்டத்திலிருந்தோ ஆலையிலிருந்தோ வருவதில்லை, கண்ணாடி பாட்டிலிலிருந்து வருகிறது. கனமான பாட்டில் என்றால் உயர்ந்த ஒயின் என்று நினைக்கிறவர்களுக்காக அரை கிலோவுக்கு மேல் கண்ணாடி உருக்குகிறார்கள். 2023-ல் பல நாட்டுச் சில்லறைக் கடைக்காரர்கள் சேர்ந்து, சராசரி பாட்டில் எடையை 2026 முடிவுக்குள் 420 கிராமுக்குக் கீழே கொண்டுவருவதாக ஒப்பந்தம் செய்தார்கள். பாட்டில் என்றதும் எனக்கு நீலகிரிதான் நினைவுக்கு வருகிறது. அங்கே 2022-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, காலி மதுப்பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று ஆரம்பித்தார்கள்; காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி குறைந்தது. 2019-ல் ஸ்பெயினின் டோரஸ் குடும்பமும் அமெரிக்காவின் ஜாக்சன் குடும்பமும் தொடங்கிய ஒயின் ஆலைகளின் பருவநிலைக் கூட்டமைப்பில் ஆசியாவிலிருந்து முதலில் சேர்ந்தது நாசிக்கின் சுலா. கூரையெல்லாம் சூரியத் தகடு. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் சூரியத் தகட்டை எண்ணலாம், வெளியே நின்று பார்க்கலாம், படம் பிடிக்கலாம். நிலத்தடி நீரை அப்படிப் பார்க்க முடியாது. அதனால்தான் அது பட்டியலில் பின்வரிசைக்குப் போகிறது.

நம் பூமி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடியில் பாறை. கோலார் தங்கப் பாறை நம் சிகர்குண்டா, பிசாநத்தம் வரை நீள்கிறது. கோலாரில் தங்கத்துக்காக 3 கிலோமீட்டருக்கும் மேல் தோண்டினார்கள், 2001-ல் மூடினார்கள். பாறையில் தண்ணீர் இருப்பது மேலே சிதைந்த அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டும். ஆயிரம் அடி போனால் தண்ணீர் இருக்கும் என்பது ரிக் லாரிக்காரர் நம்பிக்கை; வெடிப்பு கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் கடன் மட்டும் உண்டு. 2004 முதல் விவசாய மின்சாரம் இலவசம். அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் மோட்டாருக்கு மீட்டர் இல்லாத இடத்தில் தண்ணீருக்குக் கணக்கு எங்கிருந்து வரும்?

இதற்குச் சொட்டு நீர்தான் தீர்வு என்பார்கள். இந்தப் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கு வயது அதிகம். 1990-களின் பிற்பகுதியில் குப்பம் பகுதியில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தோடு செயல்விளக்கப் பண்ணை போட்டார்கள். சிறு விவசாயிகளின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, குழாய் இழுத்து, உரத்தையும் தண்ணீரோடு சொட்டவிட்டார்கள். விளைச்சல் கூடியது. செலவும் கூடியது, மானியம் இல்லாமல் சிறு விவசாயி அதைத் தொட முடியுமா, தன் நிலத்தில் என்ன நடுவது என்ற முடிவு யார் கையில் என்று அன்றே சண்டை நடந்தது. 2003-ல் மாநிலம் முழுக்க நுண்பாசனத் திட்டம் வந்தது. இன்று சொட்டு நீர் சாதாரணம். நல்லதுதான். ஆனால் ஒரு போரில் ஒரு ஏக்கர் பாய்ந்தவர் சொட்டு நீர் போட்டதும் என்ன செய்கிறார்? தண்ணீரை மிச்சம் பிடித்துப் பூமிக்குள் விட்டு வைக்கிறாரா? அதே போரில் இரண்டு ஏக்கர் பாய்ச்சுகிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். குழாயில் சிக்கனம், பூமியில் சிக்கனம் இல்லை. மகாராஷ்டிரத்தின் திராட்சை வட்டாரங்களில் சொட்டு நீர் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வறட்சி ஆண்டுகளில் அங்கேதான் கொடிகளைக் காப்பாற்ற லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள்.

கூட்டுக் குடும்பத்தில் நெல் குதிர் ஒன்று. நாலு மருமகளும் அவரவர் படியைத் திருத்தமாக அளக்கிறார்கள். குதிர் எப்போது காலியாகும் என்பதை யாருடைய படியும் சொல்லாது.

பாசோ ரோப்ளெஸ் என்று கலிபோர்னியாவில் ஒரு ஒயின் நாடு. இருபது ஆண்டுகளில் தோட்டங்கள் பெருகின. அந்தப் பக்கத்தில் சான்றிதழ் பெற்ற தோட்டங்களும் உண்டு. சொட்டு நீர் எல்லோரிடமும் உண்டு. வறட்சி வந்தது. தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களின் வீட்டுக் கிணறுகள் வற்றின. 2013 ஆகஸ்டில் அந்த மாவட்ட நிர்வாகம் அவசரச் சட்டம் போட்டது: புதிதாக நடுகிறவர், எடுக்கப்போகும் தண்ணீருக்கு ஈடாக வேறெங்காவது அதே அளவு மிச்சம் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டு, 2014-ல், கலிபோர்னியா முதன்முறையாக நிலத்தடி நீருக்கு மாநிலச் சட்டம் இயற்றியது. அதன்படி ஒவ்வொரு படுகைக்கும் ஒரு பொறுப்பு அமைப்பு, ஒரு திட்டம். கணக்கின் அலகு தோட்டம் என்பதிலிருந்து படுகை என்று மாறியது. மாற்றியது கிணறு வற்றிய குடும்பங்களின் கோபம்.

இதை நாம் அமெரிக்காவிலிருந்து கற்க வேண்டியதில்லை. அவர்களுக்கு முன்னால் நம் மாநிலம் செய்து பார்த்தது. ஆந்திரப் பிரதேச விவசாயிகள் நிர்வகிக்கும் நிலத்தடி நீர்த் திட்டம், 'ஏ.பி.ஃபாம்ஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். நெதர்லாந்து உதவியில் தொடங்கி, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு நடந்தது. வறட்சி அதிகமுள்ள ஏழு மாவட்டங்கள். சித்தூர் அவற்றில் ஒன்று. இந்தத் திட்டம் ஒருவருக்கும் தடுப்பணை கட்டித் தரவில்லை, மோட்டார் தரவில்லை, மானியம் தரவில்லை. அளக்கக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவுதான். ஊரில் ஒரு மழைமானி. தேர்ந்தெடுத்த சில போர்களில் கயிறு விட்டு நீர்மட்டம் பார்ப்பது, எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வருகிறது என்று பார்ப்பது. பெண்களும் ஆண்களும் அளந்தார்கள். எண்களைச் சுவரில் எழுதினார்கள், எல்லோர் கண்ணிலும் படும்படி. மழைக்காலம் முடிந்ததும், அடுத்த பயிருக்கு முன், ஒரே நீர்ப்பிடிப்பில் உள்ள ஊர்களெல்லாம் கூடும். இவ்வளவு பெய்தது, இவ்வளவு இறங்கியது, எல்லோரும் நினைத்தபடி நட்டால் இவ்வளவு தேவை, இருப்பு இவ்வளவு, துண்டு விழுவது இவ்வளவு. கூட்டம் அங்கேயே முடியும். நெல் நடாதே என்று யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. சுவரைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய் முடிவெடுத்தார்கள். 2010-ல் வந்த உலக வங்கி ஆய்வு, பல இடங்களில் தண்ணீர் எடுப்பு குறைந்தது, வருமானம் விழவில்லை என்று எழுதியது. பயிர் மாறியதுதான் காரணம். திட்டப் பணம் நின்ற பிறகு அளவெடுப்பு பல ஊர்களில் தளர்ந்துபோனது என்பதையும் சொல்ல வேண்டும். சுவர் எழுத்து இரண்டு மழையில் அழியும். யாராவது திரும்ப எழுத வேண்டும்.

இப்போது மாநில அரசின் 'ரைத்து சாதிகார சம்ஸ்தா' நடத்தும் இயற்கை விவசாயத் திட்டம் இருக்கிறது. 2024-ல் போர்ச்சுகலின் குல்பென்கியான் விருது பெற்றது. ஜீவாமிர்தம், மூடாக்கு, ஆண்டு முழுக்க மண்ணில் பச்சை. மண் ஈரம் பிடித்து வைத்துக்கொண்டால் பாய்ச்சல் குறையும். அதன் மகளிர் குழுக்கள் வழியாகவே நீர்மட்ட அளவெடுப்பையும் திரும்பக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். ஊருக்கு ஊர் பழகிய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஹந்திரி-நீவா கால்வாய்த் தண்ணீரும் குப்பம் வரை வந்திருக்கிறது. கால்வாய் வந்துவிட்டது, இனி எதற்குக் கணக்கு என்பவர்களுக்கு: ஸ்ரீசைலத்திலிருந்து மேடேறி வரும் தண்ணீர் அது, ஒவ்வொரு மேட்டிலும் மின்சாரச் செலவு.

ஆலையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒயின் ஆலையின் கழிவுநீரும் நம் சித்தூர் மாங்கூழ் ஆலைகளின் கழிவுநீரும் ஒரே குணம். சர்க்கரையும் புளிப்பும் அதிகம். ஏரியில் விட்டால் தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்று மீனைக் கொல்லும். இரண்டுமே பருவத் தொழில் என்பதால் சில மாதங்களில் மொத்தமும் கொட்டும், மற்ற மாதங்களில் சுத்திகரிப்பு நிலையம் பட்டினி. பருவ உச்சத்துக்கு ஏற்ற கொள்ளளவு இல்லாத நிலையம் காகிதத்துக்குத்தான். சக்கையை உரமாக்கலாம், அளவோடு மாட்டுக்கும் கொடுக்கலாம். 'அசுத்தப்படுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய வழக்கு எது தெரியுமா? 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வேலூர் வழக்கு, இதே பாலாற்றின் தோல் ஆலைகளைப் பற்றியது. நமக்குக் கீழே சில பத்து கிலோமீட்டரில்.

ஆகவே நாளை ஒரு நிறுவனம் திராட்சை ஒப்பந்தத்தோடு இந்த மண்டலத்துக்கு வந்தால், வெளிநாட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக் காட்டினால், மரியாதையாகப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். உங்கள் போர்களின் நீர்மட்டத்தை மாதா மாதம் பஞ்சாயத்துச் சுவரில் எழுதுவீர்களா? மழை குறைந்த ஆண்டில் எத்தனை ஏக்கரைப் பாய்ச்சாமல் விடுவீர்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவீர்களா? பருவ உச்ச நாளில் ஆலையிலிருந்து எத்தனை லிட்டர் வெளியே வரும், எங்கே போகும்? வாங்குகிறவர் ஐரோப்பாவில் இருந்தால் இந்த எண்களைக் கேட்டுப் பெறும் பலம் அவரிடம் உண்டு. அவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். இதே கேள்விகளை மாந்தோப்புக்காரரிடமும் தக்காளிக்காரரிடமும், அதாவது நம்மிடமும், கேட்டாக வேண்டும். அங்கேதான் கூட்டம் சற்று அமைதியாகிறது, தெரிகிறது.

நேரமாகிவிட்டது. கேள்விகளுக்கு வருவோம். தெலுங்கில் கேளுங்கள், கன்னடத்தில் கேளுங்கள், எல்லாம் புரியும். பதில் மட்டும் தமிழில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த மூன்றாவது வரிசை அம்மா. கை தூக்கி ரொம்ப நேரமாகிறது.